இருநூற்றுப் பன்னிரண்டாம் மாதிரி

கிருவில்காவில் பூண்டு வாசனை வந்தால்
யாருக்கும் உடனே பசிக்காது.
முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள்:
அடுப்பா, கல்லா?

நாலாயிரம் மீட்டர் உயரம்.
தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்
கிழங்குதான் வேகாது.
தாது வாங்கும் கொட்டடிக்குப் பின்னால்
சொராய்தாவின் சோதனை அறை.
கரித்துண்டில் குழி பறித்து
மிளகளவு கல்லை வைத்து
ஊதுகுழலால் சுடரை வளைக்கிறாள்.
மெழுகுவர்த்திச் சூட்டுக்கே இளகிவிடும் ரகம்.
வெள்ளைப் புகை. அதில் அந்த மணம்.
கருவி எண்ணைக் காட்டுமுன்
மூக்கு சொல்லிவிடும்.
'புகையை முகராதே' என்று சுவரில் எழுதியிருக்கிறது.
எழுதியவளும் அவள்தான்.

எனார்கைட்.
மூன்று செம்பு, ஒரு ஆர்செனிக், நாலு கந்தகம்.
இரும்புக் கருப்பு.
சீப்பின் பற்களை நெருக்கி ஒட்டியதுபோல்
உடம்பெல்லாம் நெடுங்கோடு.
தட்டினால் கண்ட இடத்தில் உடையாது,
தன் வழியில் பிளக்கும்.
பிளந்த முகத்தில் உன் முகம் தெரியும்.
மலை கொதித்த காலத்தில்
வெடிப்புகளில் ஏறிய சுடுநீர்
ஆறிப்போகையில் விட்டுப்போன கணக்கு.
அதற்கு வெளிச்சம் ஆகாது;
பகல் பட்டுப் பட்டு மங்கிவிடும்.
இழுப்பறையில் கம்பளிக் காலுறைக்குள்
ஒரு நல்ல படிகம் வைத்திருக்கிறாள்.
யாரிடமும் காட்டியதில்லை.

பாஷாணம் என்றால் கல்.
பாஷாணம் என்றால் நஞ்சு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
சுரங்கத்தில் இறங்கியிருக்க வேண்டும்,
அல்லது இறங்கியவனின் சட்டையைத்
துவைத்தவள் வைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை எலெயுத்தேரியோ சுக்கிப்போமாவும்
கூட்டாளிகள் ஆறு பேரும்
நாற்பது மூட்டை இறக்கினார்கள்.
செம்புக்கு விலை போட்டார்கள்.
ஆர்செனிக்குக்கு அபராதம் போட்டார்கள்.
உருக்காலைக்கு அது ஆகாதாம்;
வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் வெட்டு.
மூட்டைக்கூலி போக மிஞ்சியதைக்
கையில் வைத்துக்கொண்டு நின்றான்.
சண்டை பிடிக்கவில்லை.

சனிக்கிழமை திரும்பி வந்தான்.
ஒரு தீப்பெட்டி.
சோதனைச் சீட்டை முறைப்படி நிரப்பியிருந்தான்.
இடம்: நாலாம் தளம், மேற்கு நரம்பு.
தோண்டியவர்கள்: ஏழு பேர்.
திறந்தாள்.
வெட்டிய நகங்கள்.
சில வெளுத்தவை, சிலவற்றில் குறுக்கே வெள்ளைக் கோடு,
ஒன்று கட்டைவிரலின் முழு நகம்,
அது வெட்டியதல்ல, தானே கழன்றது.

'இது செம்பு இல்லாத சரக்கு' என்றான்.
'மற்றது எவ்வளவு என்று சொல்.'

சொராய்தா சிரிக்கவில்லை.
தராசின் கண்ணாடிக் கதவை மூடி
ஊசி அடங்கும்வரை மூச்சை நிறுத்தினாள்.
ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.
அமிலத்தில் கரைத்தாள், வடித்தாள்,
மதியச் சாப்பாட்டை மறந்தாள்.
பேரேட்டில் நீல மையில் எழுதினாள்:
மாதிரி 212. செம்பு, இல்லை.
ஆர்செனிக், ஒரு எண்.
அந்த எண்ணின் கீழ் இரண்டு முறை கோடிட்டாள்.
அபராதப் பத்தியைக் காலியாக விட்டாள்.

காலிப் பத்தியை அலுவலகம் பொறுக்காது.
திங்களன்று மேல்மாடி எழுத்தர் பவுஸ்தீனோ
எண்ணைப் பார்த்தான்,
அட்டவணையைப் பார்த்தான்,
பெருக்கினான்.
எடை சிறிது, அதனால் தொகையும் சிறிது:
சுக்கிப்போமா குழு செலுத்த வேண்டியது
பதினோரு சென்டிமோ.
முத்திரை. கையெழுத்து.

ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான் எலெயுத்தேரியோ.
பிறகு இன்னொரு முறை, உரக்க.
கொட்டடி முற்றத்தில் ஏழு பேரும்
இருமி இருமிச் சிரித்தார்கள்.
இருபது சென்டிமோ நாணயம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு
மீதிக்குக் காத்திருந்தான்.
ஒன்பது சென்டிமோவுக்குச் சில்லறை யாரிடமும் இல்லை.

சொராய்தா இழுப்பறையைத் திறந்தாள்.
காலுறையிலிருந்து படிகத்தை உருவி
மீதிக்காக அவன் கையில் வைத்தாள்.
அவன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அது அப்போது
நன்றாகவே மின்னியது.